உறுதியில் எழுதாத பாதை

எங்கள் வளவின் வடக்கு வேலியில், கிணற்றடிக்குப் போகிற பக்கமாக, ஒரு பொட்டு இருந்தது. இரண்டு பூவரசங் கதியால்களுக்கு நடுவில் ஓலை விலகி, ஓர் ஆள் குனிந்து, தோளைச் சரித்துக்கொண்டு போகக்கூடிய இடைவெளி. மற்ற இடமெல்லாம் காலில் ஒட்டுகிற செம்மண். அந்த இரண்டடி நிலம் மட்டும் நடந்து நடந்து இறுகி, மெழுகிய திண்ணைபோல மினுங்கும். கதியாலின் பட்டை கை பிடிக்கிற உயரத்தில் வழவழத்துப் போயிருக்கும்.

அந்தப் பொட்டு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் ஆறடிக் கல்மதில் நிற்கிறது. கட்டியவரில் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் கண்மூடினால், முப்பத்தோராம் நாள் அவருக்கு ஒரு கல்வெட்டு அச்சடித்து, அவர் பிறந்ததையும் வாழ்ந்ததையும் ஆருக்கு என்ன செய்தார் என்பதையும் எழுதி, வந்த சனத்தின் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். பொட்டுக்கும் அப்படி ஒன்று எழுதவேண்டும் என்று மதில் எழும்பிய நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொட்டு என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு நெற்றிதான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் வேலியில் விழுகிற துவாரத்துக்கும் அதே பெயர். வேலிக்குள்ளால் ஆட்கள் போய்வர எங்களிடம் வேறு வழிகளும் இருந்தன. தோட்டக் கரையில், மாடு நுழையாமல் ஆள் மட்டும் கால் தூக்கிவைத்துக் கடக்கிற மாதிரி விட்டது கண்டாயம். ஒழுங்கைப் பக்கம் கூரை போட்டு, வழிப்போக்கரும் மழைக்கு ஒதுங்கி நிற்கும்படி அமைத்தது சங்கடப்படலை. இரண்டும் யோசித்துச் செய்தவை. பொட்டை ஒருவரும் செய்வதில்லை. முதலில் ஒரு கோழி போகும். கோழிக்குப் பின்னால் குஞ்சுகள், அதன்பின் நாய், நாயைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை. பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒருநாள் தாய் போவாள். அதற்குப் பிறகு அது வழி.

அதைவிட முக்கியம், அடைக்காமல் விடுவது. வருசத்துக்கு ஒருமுறை வேலி அடைப்பு நடக்கும். பழைய ஓலையைப் பிரித்து இறக்கி, உக்கிய வரிச்சுத்தடிகளை மாற்றி, புதுப் பனையோலையை வரிசையாக வைத்துக் கட்டுவார்கள். கழற்றிய ஓலை வீண்போகாது, தோட்டத்தில் தாட்டுப் பசளையாகிவிடும். ஓலையைக் கட்டுவதற்குக் குத்தூசி வேண்டும். அந்த ஊசியை ஓலைக்குள்ளால் இந்தப் பக்கம் நிற்கிறவர் குத்தி அனுப்ப, அந்தப் பக்கம் நிற்கிறவர் கயிற்றை வாங்கி, இழுத்து, வரிச்சைச் சுற்றித் திரும்ப இந்தப் பக்கம் தள்ள வேண்டும். தனி ஒருவர் வேலி அடைக்க ஏலாது. அடுத்த வளவுக்குள் ஒருவர் நின்றே ஆக வேண்டும். எங்கள் வடக்கு வேலியை அப்பா இந்தப் பக்கமும் பெரியப்பா அந்தப் பக்கமும் நின்று அடைப்பார்கள். ஆளை ஆள் தெரியாது, ஓலைக்கு நடுவில் ஊசி மட்டும் போய்வரும். "இஞ்சாலை விடு", "அங்காலை இழு" என்று குரல் வரும். மூன்றாவது நாலாவது கதியாலுக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த கதியாலுக்குப் போய்விடுவார்கள். புது ஓலையின் பச்சை மணத்துக்கு நடுவில் பொட்டு மட்டும் பழையபடி இருக்கும். அப்படி எத்தனை வருசம் விட்டார்களோ தெரியாது. ஆச்சி இந்த வீட்டுக்கு மருமகளாக வரும்போதே அது இருந்ததாம்.

பெரியப்பா, பெரியம்மா என்று எழுதுகிறேனே தவிர, எங்களுக்குள் இரத்த உறவு இல்லை. வடக்கு வீட்டுக்காரர். கிணறு அவர்களுடைய வளவில், எங்களுக்கு அதில் பங்கு. காலையில் முகம் கழுவப் போவதும் பொட்டுக்குள்ளால்தான், பொழுதுபடக் குடத்தோடு வருவதும் அதற்குள்ளால்தான். எங்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிட்டால் அம்மா ஒரு சிரட்டையை என் கையில் தந்து அனுப்புவா. பெரியம்மா தன் அடுப்பிலிருந்து தணல் எடுத்துப் போட்டு, காற்று வாங்காமல் போ என்று சொல்லி விடுவா. தணல் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பொட்டுக்குள் குனிவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். எனக்கு ஐந்து வயதிலேயே அது கைவந்திருந்தது.

உறைமோர் போகும். பாதித் தேங்காய் வரும். மீன் கறி ஒரு மங்குக் கோப்பையில் போகும், கோப்பை திரும்பும்போது வெறுமனே திரும்பாது. இரண்டு முருங்கைக்காய், ஒரு பிடி சின்ன வெங்காயம், ஒன்றும் இல்லாவிட்டால் நாலு செத்தல் மிளகாய் அதற்குள் கிடக்கும். முன் படலையால் வருகிறவர் விருந்தாளி, அவருக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும், கதிரை போட வேண்டும். பொட்டால் வருகிறவருக்கு ஒன்றும் வேண்டாம். குசினி வாசலில் குந்தி, நீங்கள் அரிந்துகொண்டிருக்கிற கத்தரிக்காயில் பாதியை எடுத்துத் தானும் அரியத் தொடங்குவார். என் தம்பி பிறந்த இரவு, படலையைத் திறந்து ஒழுங்கை சுற்றி வர நேரமில்லாமல், பெரியம்மா அரிக்கன் லாம்போடு அதற்குள்ளால்தான் வந்தா. ஆச்சி செத்த விடியலில் முதல் அழுகுரல் கேட்டதும் அதே வழியால்தான் வந்தா. நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதலில் வந்து சேர்ந்தது அந்த வழிதான்.

வேலியின் நல்லதை மட்டும் எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன். யாழ்ப்பாணத்து வேலி மறைப்பதற்காகவே எழுந்தது. ஓர் இரவில் கதியாலைச் சாண் அளவு தள்ளி நட்டு, அதற்காகப் பத்து வருசம் கோட்டுக்கு ஏறி இறங்கி, காணியின் பெறுமதியைவிடக் கூடக் காசு செலவழித்த குடும்பங்கள் எங்கள் ஊரில் இருந்தன. அதைவிடப் பெரிய பாவம் ஒன்றும் உண்டு. பொட்டு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எங்கள் தோட்டத்தைக் கொத்தியவரும் எங்களுக்குப் பனையோலை வெட்டித் தந்தவரும் அதற்குள்ளால் ஒருநாளும் வந்ததில்லை. கிணற்றுக் கட்டில் அவர்கள் கால்வைக்கவும் இல்லை, ஆரும் அள்ளி ஊற்றும்வரை தள்ளி நின்றார்கள். அவர்கள் போட்ட வேலியில் அவர்களுக்கு வழி இருக்கவில்லை. எங்களுக்குக் கிட்டத்தில் உள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று கேட்டவர்களை அடித்துத் துரத்திய ஊர் எங்கள் ஊர்ப்பக்கம். பொட்டுக்காக அழுகிற நான் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொட்டு எங்கள் உயிரைக் காத்த காலமும் இருந்தது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாண நகரத்தைப் பிடிக்க முன்னேறியபோது ஊரடங்கு போட்டார்கள். ஒழுங்கையில் தலை காட்ட ஏலாது. அப்போதுதான் எங்கள் ஊரில் எத்தனை பொட்டுகள் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டுப் பின்புறத்திலிருந்து அடுத்த வீட்டுப் பின்புறம், அதிலிருந்து அதற்கடுத்தது என்று, றோட்டுக்கு ஒருதரமும் இறங்காமல் அரை மைல் தூரம் போகலாம். அரிசி அப்படி வந்தது. மண்ணெண்ணெய் அப்படி வந்தது. ஆருடைய பிள்ளை எங்கே இருக்கிறான் என்ற செய்தியும் அப்படியே வந்தது. ஊருக்கு ஒரு வரைபடம் இருந்தது, அது அரசாங்கத்திடமும் இல்லை, இயக்கத்திடமும் இல்லை. பெண்களின் காலில் இருந்தது.

1990 ஜூன் மாதம் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் திரும்பவும் சண்டை தொடங்கியது. பலாலி இராணுவ முகாமைச் சுற்றியிருந்த ஊர்கள் மேல் செல் விழத் தொடங்கியதும் மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி, தையிட்டி என்று ஊர் ஊராகச் சனம் எழும்பியது. இரண்டு நாளில் வருவம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா கோழிக்குத் தண்ணி வைத்துவிட்டு, பொட்டுக்குள்ளால் குனிந்து, "அக்கா, நாங்கள் வெளிக்கிடுறம், நீங்களும் வாங்கோ" என்று சொன்னா. அடுப்படியில் பெரியம்மாவின் மங்குக் கோப்பை கவிழ்த்தபடி கிடந்தது. முதல் நாள் அதில் றால் பொரியல் வந்திருந்தது. திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை, நாளைக்குக் கொடுப்பம் என்று விட்டிருந்தா. அந்த நாளை 28 வருசம் கழித்து வந்தது.

நடுவில் நடந்ததை நீட்டவில்லை, அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த வருசம் மற்றவர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பினார்கள். நாங்கள் ஊருக்கு நாலு மைல் தள்ளி ஒரு வாடகை வீட்டில் நின்றோம். பெரியம்மா மல்லாகத்தில் ஓர் அகதி முகாமில் இருந்தா.

முகாமில் வேலி இல்லை. இதை நான் பிற்பாடுதான் யோசித்தேன். தகரம், தறப்பாள், பழைய சேலை. இந்தக் கொட்டிலில் இருமினால் அந்தக் கொட்டிலில் நித்திரை கலையும். புருசன் பெண்சாதி பேசுவது, பெரியபிள்ளையான பெண் உடுப்பு மாற்றுவது, குடித்துவிட்டு வருகிறவன் கத்துவது எல்லாம் எல்லோர் காதிலும் விழும். மலசலகூடத்துக்கு வரிசை. தண்ணீருக்கு வரிசை. வேலி இருந்தால்தான் பொட்டு இருக்கலாம். மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் திறந்து விடுவதற்கும் ஒன்றும் இல்லை. அம்மா அங்கே போகும்போதெல்லாம் கையில் ஏதாவது கொண்டுபோவா. ஒருமுறை, "அக்கா, உங்கட கோப்பை எங்கட வீட்டிலைதான் கிடக்குது" என்று சொன்னா. பெரியம்மா சிரித்துக்கொண்டு, "கிடக்கட்டும் பிள்ளை, போய் எடுப்பம்" என்றா. 2006இல் அந்தக் கொட்டிலிலேயே செத்துப்போனா. பெரியப்பா அதற்கு முன்னமே போய்விட்டார். மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், அப்போது ரொறன்ரோவில். செத்த வீட்டுக்கு வர அவருக்கு அந்நேரம் விசா நிலைமை சரியாக இருக்கவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்தது. ஊர் திறக்கவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக மரங்களிலும் மதில்களிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். காணிச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார்கள், றோட்டில் உட்கார்ந்தார்கள். 2015இலிருந்து துண்டு துண்டாக விடத் தொடங்கினார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம். 2018 ஏப்ரல் 13ஆம் திகதி, வருசப்பிறப்புக்கு முதல்நாள், 683 ஏக்கர். எங்கள் வளவு அதற்குள் இருந்தது.

அடுத்த நாள் ஊர்ச்சனம் கத்தியும் கோடாலியும் கொண்டுபோனது. அம்மா ஒரு செம்பில் தண்ணியும் கொஞ்சம் கற்பூரமும் கொண்டுவந்தா. முள்ளுக்கம்பியைக் கடந்து உள்ளே போனால் ஊர் இல்லை. பற்றைக்காடு. வீடுகள் இடித்து, கல் எல்லாம் ஆரோ கொண்டுபோயிருந்தார்கள். ஒழுங்கைகளை உழுது மூடி, எங்களுக்குச் சம்பந்தமில்லாத கோணங்களில் அகலமான மண்பாதைகள் போட்டிருந்தார்கள். எங்கள் வீடு இருந்த இடத்துக்கு மேலால் ஒரு மண் அணை போனது. எழுபது வயதுக் கிழவர்கள் தாங்கள் பிறந்த காணியைத் தேடி அழுதுகொண்டு சுற்றினார்கள். ஒருவர் குந்தியிருந்து தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு பூ வைத்த சிமெந்துத் தரைத் துண்டு. "இது எங்கட சாமியறை" என்று ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அம்மா எதையும் தேடவில்லை. வைரவர் கோவிலடி ஆலமரத்தில் முதுகை வைத்து நின்று, கிழக்கே பார்த்து, காலடி எண்ணிக்கொண்டு நடந்தா. பற்றைக்குள் ஓரிடத்தில் நின்றா. அங்கே ஏழு பூவரசு மரங்கள் ஒரே நேர்கோட்டில் நின்றன.

கதியால்கள். வருசாவருசம் கொப்பு வெட்டி, ஆட்டுக்குக் குழை போட்டு, தோள் உயரத்துக்கு மேல் விடாமல் வைத்திருந்த வேலிக் கதியால்கள். 28 வருசம் வெட்ட ஆளில்லாமல் மரமாகிவிட்டன. என் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள், மேலே மஞ்சளும் சிவப்புமாகப் பூ. காட்டுக்குள் மரங்கள் வரிசையில் நிற்பதில்லை. அங்கே நின்றது எங்கள் வடக்கு எல்லை. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் மற்றவற்றைவிட இடம் கூட இருந்தது. அம்மா அதற்குள் போய் நின்றா. குனியத் தேவையில்லை, மேலே வானம். ஆனாலும் குனிந்துதான் போனா.

"இதடி பொட்டு" என்றா.

ஊர் திரும்பியவர்களில் பலருக்கு எல்லையைக் காட்டியது இப்படி ஏதோ ஒரு மரம்தான், அல்லது ஒரு கிணறு. எங்கள் கிணற்றை மண் போட்டு மூடியிருந்தார்கள். இறைத்துத் துப்புரவாக்கியபோது தகரப்பேணிகளும் சப்பாத்துகளும் வந்தன. நில அளவையாளர் வந்தார். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவையாளரிடமும் நடந்தோம். காணி உறுதியை அம்மா பொலித்தீனில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து 28 வருசமும் காவித் திரிந்திருந்தா, அதனால் எங்களுக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. உறுதியில் எல்லாம் இருந்தது. காணியின் பெயர், இத்தனை பரப்பு, நாலு எல்லை, வீடு, வான்பயிர், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை. யாழ்ப்பாணத்தில் காணி எழுத்து அவ்வளவு நுணுக்கமானது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்துக்கு வந்த தேசவழமை, வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் சாய்கிற மரத்தைப் பற்றிக்கூடப் பேசுகிறது. ஆனால் உறுதியில் உள்ள வழி ஒழுங்கையால் சுற்றிக் கிணற்றுக்குப் போகிற வழி. அந்த வழியால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் தண்ணிக்குப் போனதில்லை. நாங்கள் நடந்த வழி எந்த உறுதியிலும் இல்லை.

காணி விடுவிப்பு என்கிறார்கள். கடிதாசியில் எழுதியிருந்ததை விடுவிக்கலாம். எழுதாமல், ஓலை கட்டும்போது இரண்டு பேர் வாய்திறக்காமல் விட்டுவிட்டுப் போன அந்த இரண்டடியை ஆர் ஆரிடம் விண்ணப்பித்து வாங்குவது? அதற்குப் படிவம் இல்லை, நட்டஈடு இல்லை. வீட்டுத்திட்டம் கிடைத்தது, மலசலகூடம் கிடைத்தது, மின்சாரம் வந்தது, இவற்றுக்காக ஓடித்திரிந்த எங்கள் பக்கத்து அலுவலர்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். என் துக்கம் அவர்களுடைய கோவைக்குள் அடங்காதது.

அண்ணை 2019இல் வந்தார். தாயும் தகப்பனும் இல்லாத வளவில் அரைநாள் நின்றார். விற்க மனமில்லை, வந்து இருக்கவும் வழியில்லை. ஆளில்லாத காணியில் ஆரும் கொட்டில் போட்டுவிடுவார்கள் என்று அங்கே எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கேயும் இரவில் வாளோடு திரிகிற பெடியளின் கதையைச் சனம் பயந்து பயந்து பேசிக்கொண்டிருந்தது. மதில்தான் கட்டவேண்டும் என்றார். நானும் ஓம் என்றேன். அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற வீடு. முகாமில் 20 வருசம் சேலைத்துண்டுக்குப் பின்னால் உடுப்பு மாற்றிய பெண்கள் ஊர் திரும்பியதும் முதலில் கேட்டது மதில்தான். அவர்களைப் பார்த்து, வேலியைப் போடுங்கோ, அதுதான் எங்கட பண்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேலி போட நினைத்தாலும் எதைக் கொண்டு போடுவது? போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் இரண்டு தரப்பும் பனைகளைத் தறித்தன. நிற்கிற பனையில் ஏறி ஓலை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. ஓலையை மிதித்து, காயவைத்து, பக்குவம் பார்த்து அடைக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள், மீதிப்பேருக்குக் கை நடுங்குகிறது. என் தம்பி, அந்த அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் பிறந்தவன், இன்றைக்குவரை ஒரு குத்தூசியைக் கண்ணால் கண்டதில்லை. ஊரில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரப் பெடியன் சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்துக் காட்டினான்.

வலிகாமம் வடக்கில் இன்னும் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அச்சுவேலியிலிருந்து பலாலிக்குப் போகிற றோட்டு 34 வருசத்துக்குப் பிறகு 2024 நவம்பரில்தான் திறந்தது, றோட்டின் இரண்டு பக்கத்துக் காணிகளில் பல இன்னும் கம்பிக்குள். காணியே இல்லாமல் கூலி செய்து வாழ்ந்தவர்களுக்குத் திரும்ப இடமும் இல்லை. முகாம்களில் கடைசிவரை கிடந்தவர்களில் அவர்கள்தான் கூட, அவர்கள் ஆர் என்பது மேலே நான் சொன்ன கிணற்றுக் கட்டின் கதைதான். ஊரை இழந்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனைபேரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அவர்கள் வெளியேறியபோது எங்கள் பக்கம் பேசாமல் நின்றது. மன்னாரில் முசலிப் பக்கம் திரும்பிப் போனவர்களின் வளவுகளையும் காடு மூடிக் கிடந்தது. அந்தக் காட்டுக்குள்ளும் ஏழு மரமோ பத்து மரமோ ஒரே வரிசையில் நின்றிருக்கும். அதற்கு முன்னால் நின்று, இதுதான் எங்கட வழி என்று சொன்ன ஒரு உம்மாவும் இருந்திருப்பா.

மதில் வேலை 2021 வைகாசியில் தொடங்கியது. அளந்து பார்த்தபோது பூவரசு வரிசை எல்லைக் கோட்டிலேயே நின்றது. அத்திவாரம் வெட்டுவதற்கு அவற்றைத் தறிக்க வேண்டும். அறுவைக்காரர் இயந்திர வாளோடு வந்து ஒரு காலைப்பொழுதுக்குள் ஏழையும் விழுத்தினார். நல்ல வைரம் பாய்ந்த மரம், வீட்டுக்கு நிலை செய்யலாம் என்றார். மூன்றாவது மரத்தை அறுத்தபோது அடிமரத்தில், என் இடுப்பு உயரத்தில், பட்டை உள்ளுக்கு மடிந்து ஒரு தழும்பு இருந்தது. கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடமோ, முந்தி ஓலை கட்டிய கயிறு இறுகிய இடமோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா.

மேசன் வேலைக்கு வந்தவர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, மரியாதையானவர். நாலாம் நாள் அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "மேசன் தம்பி, இந்த இடத்தில ஒரு சின்ன வாசல் விட ஏலாதோ?" என்று கேட்டா. அவர் கல்லைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றார். "அம்மா, ஐயாவைத்தான் கேக்கணும். வாசல் விட்டா கேற் போடணும், கேற் போட்டா பூட்டுப் போடணும்" என்றார். அம்மா கொஞ்சம் யோசித்தா. "பூட்டுப் போடுறதெண்டால் வேண்டாம்" என்றா. அவர் திரும்பவும் குந்தி, கலவையை அள்ளி வைத்து, கல்லைத் தட்டி இருத்தினார். அந்த வரிசை இரண்டாவது, முழங்கால் உயரம்கூட இல்லை. அன்று பின்னேரம் அம்மா ஒருமுறை அதைக் கடந்து அந்தப் பக்கம் போனா. கிணற்றைச் சுற்றி நடந்தா. வெறும் நிலத்தில், பெரியம்மாவின் குசினி இருந்த இடத்தில், கொஞ்ச நேரம் நின்றா. வரும்போது சுவரில் கை வைத்துக் கால் தூக்க அவவுக்குக் கஷ்டமாக இருந்தது, நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் மூன்றாவது வரிசை வந்தது.

மங்குக் கோப்பை அகப்படவில்லை. அகப்படும் என்று நான் நினைக்கவும் இல்லை.

மதில் முடிந்த அன்று பின்னேரம் அண்ணை எடுத்தார், அங்கே அவருக்கு விடிகாலை. கைபேசியைப் பிடித்துக்கொண்டு மதிலின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல்வரை நடந்து காட்டினேன். இன்னும் பூசவில்லை, கல்லின் ஈரமும் காயவில்லை. "பொட்டு எவ்விடத்தில, தங்கச்சி?" என்று கேட்டார். நான் நின்று காட்டினேன். அவர் அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மட்டும் கேட்டது. அதற்குள் அம்மா வந்து கைபேசியை வாங்கினா.

"எப்பிடி சின்னம்மா மதில்?"

"நல்ல உயரமா வந்திருக்கு, தம்பி" என்றா அம்மா. "நீ ஒண்டுக்கும் யோசியாத. இனி ஒருத்தரும் பூர ஏலாது."